காதுவில்லைக்காரம்மா

ஆட்டைக் கொண்டுவந்து நிறுத்தினால் முதலில் காதைத்தான் பிடிப்பார். மடலை விரித்து வெயிலுக்கு நேரே தூக்குவார். வெளிச்சம் பட்டதும் உள்ளே ஓடும் நரம்புகள் சிவப்பாகத் தெரியும். இரண்டு நரம்புகளுக்கு நடுவே பேனாவால் ஒரு புள்ளி வைத்து, பஞ்சில் அயோடின் தொட்டுத் தடவுவார். அப்புறம் அந்த இடுக்கி. ஒரு 'டக்'. ஆடு அலறும். பிடித்திருப்பவரின் காலை மிதித்துக்கொண்டு அது துள்ளும்போதே, மாட்டிய மஞ்சள் வில்லையை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். தடையில்லாமல் சுற்றினால்தான் புண் சீக்கிரம் ஆறும் என்பார்.

அதன் பிறகு வாசிப்பார். பன்னிரண்டு இலக்கம். நாலு நாலாகப் பிரித்து, கோயில் மைக்கில் சொல்வதுபோல உரக்க வாசிப்பார். கூட இருந்து எழுதுகிறவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "சரிங்க மேடம்" என்று சொன்னால் போதாது.

"சரின்னு சொல்லாத. நம்பரச் சொல்லு."

திருவாதவூர்ப் பக்கம் இருந்த ஒரு கால்நடைக் கிளை நிலையத்தில் அவர் ஆய்வாளர். ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. ஸ்கூட்டரின் பின்னால் தகரப்பெட்டி. ஊரில் எல்லாரும் "டாக்டரம்மா" என்பார்கள். ஒவ்வொரு முறையும் நின்று, "நான் டாக்டர் இல்ல, ஆய்வாளர்" என்று திருத்திவிட்டுத்தான் அடுத்த பேச்சு. முப்பது வருடமாகத் திருத்திக்கொண்டிருந்தார். ஊரும் முப்பது வருடமாக டாக்டரம்மா என்றே கூப்பிட்டது. அவர் இல்லாதபோது மட்டும் வேறு பெயர்: காதுவில்லைக்காரம்மா.

நான் அப்போது மதுரையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர். இருபத்து நாலு வயது. எங்கள் திட்டம் இதுதான்: பதினோராம் வகுப்பு படிக்கும் முப்பது பெண்பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பெட்டைக்குட்டி கொடுப்போம். ஒன்றரை வருடம் அதை அவர்களே வளர்க்க வேண்டும். தீவனம், தடுப்பூசி, எடை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்போது ஆட்டோடும் நோட்டோடும் வந்து நிற்கிறவர்களின் கல்லூரிப் படிப்பை நிறுவனம் ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொரு குட்டிக்கும் காதுவில்லை உண்டு, காப்பீடு உண்டு. நோயில் ஆடு செத்தால், வில்லையோடு காதை வெட்டி ஒப்படைத்தால் மாற்று ஆடு கிடைக்கும். வில்லை இல்லை என்றால் அப்படி ஒரு ஆடே இருந்ததில்லை என்றுதான் கணக்கு.

அந்தக் கணக்கு ஆய்வாளருக்குப் பிடித்திருந்தது. அவர் மனதிலும் அப்படித்தான்.

பிள்ளைகள் குட்டிகளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். ரோசி, கருப்பி, மீனா. அவர் ஒரு பெயரையும் வாயால் சொன்னதில்லை; எண்ணின் கடைசி நாலு இலக்கம்தான். "ரெண்டு அஞ்சு ஏழு மூணு எப்பிடி இருக்கு? கழிச்சல் நின்னுருச்சா?" என்று கேட்பார். அந்தப் பிள்ளை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "ரோசி நல்லாருக்கு மேடம்" என்று சொல்லும். "ரோசின்னு ஊருக்குள்ள ஆறு ஆடு இருக்கு. ரெண்டு அஞ்சு ஏழு மூணு ஒண்ணுதான் இருக்கு" என்பார். குரலில் கண்டிப்பு இருக்காது. எங்களுக்கு இரண்டும் இரண்டும் நாலு என்பது போல அவருக்கு இது.

ஒருமுறை ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் வந்து, "அம்மா, நம்ம ஆடு பத்தும் மேய்ச்சலுக்குப் போயிருக்கு. வில்லைய மட்டும் குடுங்க. நாங்களே மாட்டிக்கிறோம்" என்றார்.

"காது எங்க?"

"அதான் சொல்றேனே, மேய்ச்சலுக்குப் போயிருக்கு."

"வரட்டும்."

வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். பதினொரு மணிக்கு உட்கார்ந்தவர் மூன்று மணி வரை அசையவில்லை. சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து புளிச்சோறு சாப்பிட்டார். கை கழுவினார். மறுபடி உட்கார்ந்தார். கடைசியில் வந்தவை ஏழு ஆடுகள். ஏழு வில்லை மாட்டினார். மூன்றைத் திரும்பப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

இன்னொன்றும் நினைவிருக்கிறது. ஒரு கிடாவெட்டு விருந்துக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார்கள். பந்தலுக்குப் பின்னால் கை கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். கழிவுக் குவியலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெட்டிப்போட்ட ஒரு காதைக் கையில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையிலிருந்த சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். "எதுக்குக்கா?" என்றேன். "இது இனிமே இல்லன்னு ஒரு எடத்துல இருக்கணும்ல" என்றார். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து, இலை முன் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டார். என்னால் அன்று சரியாகச் சாப்பிட முடியவில்லை. அப்போதெல்லாம் நான் அப்படித்தான்.

அவருக்குக் குடும்பம் இருந்தது. வண்டியூரில் கட்டிக்கொடுத்த மகள், ஓய்வு பெற்ற கணவர். அவர்களைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "எப்பிடி இருக்கேன்?" என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

முதல் நாள் வில்லை மாட்டியது ஊர்க் கலையரங்கத்தில். முப்பது பிள்ளைகளும் குட்டிகளோடு வரிசையில் நின்றார்கள். அவர் கை இரண்டும் இடுக்கியிலும் காதிலும் இருந்ததால் எழுதும் வேலை என்னுடையது. நான் எழுதும் தாளைப் பார்த்துத்தான் அவர் பிறகு பதிவேட்டில் ஏற்றுவார். இருபது குட்டி வரை ஒழுங்காகப் போயிற்று. அப்போது எங்கள் திட்ட மேலாளர் போன் செய்தார். நன்கொடையாளர்களின் கார் ஒத்தக்கடை தாண்டிவிட்டது, பூமாலை வந்துவிட்டதா, பிள்ளைகள் வெயிலில் வாடாமல் இருக்கிறார்களா என்று கேள்வி மேல் கேள்வி. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எழுதினேன்.

அந்த நேரத்தில் வந்தவை கௌசல்யாவின் குட்டியும் அபிநயாவின் குட்டியும். இரண்டும் கருப்பு. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வீடு. அபிநயா தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். கௌசல்யாதான் இரண்டையும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் முதல் எண்ணை வாசித்தார். நான் எழுதினேன். இரண்டாவதை வாசித்தார். எழுதினேன்.

"திருப்பிச் சொல்லு."

"சரிக்கா, சரிக்கா" என்றேன், போனிலிருந்து வாயை எடுக்காமல்.

அவர் என்னைப் பார்த்தார். வாசலில் கார் வந்து நின்றது. பிள்ளைகள் கைதட்டத் தொடங்கினார்கள். அவர் அடுத்த குட்டியின் காதைப் பிடித்தார்.

ஒரு வருடத்துக்கும் மேல் ஒன்றும் ஆகவில்லை. குட்டிகள் ஆடுகளாயின. கௌசல்யாவின் நோட்டுதான் முப்பதில் சிறந்தது. அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர். செங்கல் சூளையில் வேலை. அம்மா இல்லை. அந்தப் பிள்ளை விடிகாலையில் ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுவிட்டு, சோறு வடித்து வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போகும். கால்நடை சம்பந்தமாக ஏதாவது படிக்க வேண்டும் என்று ஆசை. ஆய்வாளரைக் கண்டால் அவர் பின்னாலேயே நடப்பாள். அவர் அவளையும் மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் நடத்தினார்.

அந்த ஐப்பசி மழையில் ஆட்டுக்கொல்லி நோய் வந்தது. தடுப்பூசி போட்டும் சில ஆடுகளைக் காப்பாற்ற முடியவில்லை. எங்கள் திட்டத்தில் நாலு செத்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் அவர் வந்தார். டாக்டர் வந்து சான்று எழுதுவதற்கு முன் வில்லையை வாசித்துக் குறிப்பது அவர் வேலை. பிள்ளைகள் அழுதுகொண்டு நிற்பார்கள். அவர் காதை விரித்து, வாசித்து, நான் திருப்பிச் சொன்னதும் கத்தரியை எடுப்பார்.

நாலாவது கௌசல்யாவின் ஆடு. நாய் இழுத்துவிடும் என்று அன்று சாயங்காலமே அவள் அப்பா அதை வாய்க்கால் ஓரமாகப் புதைத்துவிட்டார். காதோடு, வில்லையோடு. மறுநாள் காலையில் நாங்கள் போனபோது ஆய்வாளர் அவரிடம் மண்வெட்டியை நீட்டி, "தோண்டுங்க" என்றார்.

"வேணாம் மேடம்" என்றாள் கௌசல்யா. "அப்பிடியே இருக்கட்டும்."

"இருக்கட்டும்னா மாத்து ஆடு வராது. மாத்து ஆடு இல்லன்னா நீ படிக்க முடியாது. தள்ளி நில்லு."

அப்பா தோண்டினார். மழை மண் என்பதால் சுலபமாக வந்தது. குழிக்குள் இறங்கி, காதைத் துடைத்து, தண்ணீர் பாட்டிலைச் சரித்து வில்லையைக் கழுவியவர் ஆய்வாளர்தான். நாலு நாலாக வாசித்தார். கையிலிருந்த தாளில் நான் தேடினேன். அந்த எண்ணுக்கு எதிரே இருந்த பெயர் அபிநயா.

நான் சொல்லவில்லை. அவரே மேலே ஏறி வந்து என் கையிலிருந்து தாளை வாங்கிப் பார்த்தார். நேரே பக்கத்து வீட்டுக்கு நடந்தார். அபிநயாவின் ஆடு கட்டுத்தறியில் அசைபோட்டுக்கொண்டு நின்றது. அதன் காதை விரித்து வாசித்தார். கௌசல்யாவின் எண்.

"இது உன்னோட ஆடு" என்றார் கௌசல்யாவிடம். "செத்தது அவளோடது. காயிதத்துல அப்பிடித்தான் இருக்கு."

"இல்ல மேடம். செத்தது என்னோடதுதான். குட்டியில இருந்து நான் வளத்தேன். ஊருக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும். அந்தக் காயிதத்தத் திருத்தாம உன் பேர்ல மாத்து ஆடு வராது" என்றார். தாளில் இருந்த கையெழுத்து என்னுடையது என்பதைச் சொல்லவில்லை.

மேலாளருக்குப் போன் செய்தேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "உயிரோட இருக்கிற ஆட்டுக் காதுல, வில்லை இருக்கிற எடத்த மட்டும் வெட்டி அனுப்பச் சொல்லும்மா. அதுக்குப் புது வில்லை போட்டுக்கலாம். எல்லாம் சரியாயிரும்" என்றார்.

கிளை நிலையத்தில் ஆய்வாளர் தனியாக இருந்தபோது போய் அப்படியே சொன்னேன். ஊசிகளைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தார்.

"உசுரோட நிக்கிறத செத்துப்போச்சுன்னு எழுதச் சொல்றியா?"

"கௌசல்யா படிப்புக்காகக்கா. யாருக்கும் நட்டமில்லையே."

"ஏம்மா, நான் வாசிச்சதத்தான் எழுதுவேன். வேற எதுவும் எனக்கு எழுத வராது."

கோபம் இல்லை. எழுத வராது என்றுதான் சொன்னார். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் ஒரு கடிதம் எழுதிக்கொண்டுவந்து என் முன் வைத்தார். வில்லை மாட்டிய அன்று இரண்டு எண்கள் இடம் மாறி எழுதப்பட்டுவிட்டன. வாசித்தவர் திருப்பிச் சொல்ல வைத்துச் சரிபார்க்கத் தவறினார். எழுதியவர் கவனிக்கத் தவறினார். எனவே பதிவைத் திருத்தித் தர வேண்டும். கீழே வாசித்தவர் என்ற இடத்தில் அவர் கையெழுத்து. எழுதியவர் என்ற இடம் காலி.

"அன்னைக்கு நீ சரின்னு சொன்ன. நான் விட்டுட்டேன். கார் வந்துருச்சேன்னு விட்டுட்டேன். அது என் தப்பு" என்றார். "ரெண்டு கையெழுத்தும் இருந்தா ஒரு வாரத்துல திருத்திருவாங்க. ஒண்ணு மட்டும் இருந்தா விசாரிப்பாங்க."

"ஆபீஸ்ல கேட்டுட்டுப் போடுறேன்க்கா."

மேலாளர் போடக்கூடாது என்றார். ஒரு எண் தப்பு என்று நாமே எழுதிக்கொடுத்தால் முப்பதையும் சந்தேகப்படுவார்கள், அடுத்த வருடத் திட்டம் நின்றுபோகும் என்றார். என் வேலையும் போகும் என்று அவர் சொல்லவில்லை. நானாகப் புரிந்துகொண்டேன்.

மூன்று நாள் கழித்து வந்த ஆய்வாளர் "போடுறியா?" என்று கேட்டார். "ஆபீஸ்ல வேணாங்கிறாங்கக்கா" என்றேன். அவர் தலையை ஆட்டினார். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். அப்படியே அனுப்பிவிட்டார், ஒரு கையெழுத்தோடு.

நான் ஏதாவது உணர்ந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் இப்போது தேடிப் பார்த்தாலும் ஒன்றும் அகப்படவில்லை. பசித்தது நினைவிருக்கிறது. ஒத்தக்கடையில் இறங்கி இரண்டு புரோட்டா சாப்பிட்டேன். சால்னாவில் காரம் அதிகம்.

விசாரணை நாலு மாதம் இழுத்தது. மேலதிகாரிகள் வந்து முப்பது வீட்டிலும் காதுகளை வாசித்தார்கள். என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் வாசித்ததை எழுதினேன் என்றேன். அது பொய் இல்லை. அவருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதிலும் அந்தக் கடிதத்தில் இருந்ததுதான், ஒரு சொல் கூடக்குறைய இல்லாமல். வைகாசியில் எழுமலைப் பக்கம் போகும்படி மாற்றல் போட்டார்கள். வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஊர்.

அதற்குள் திட்டத்தின் கடைசி நாள் வந்தது. அதே கலையரங்கம். ஆட்டோடும் நோட்டோடும் வந்தவர்கள் இருபத்தொன்பது பேர். கௌசல்யா நோட்டோடு மட்டும் வந்தாள். விதிப்படி ஆடு இல்லாதவர் பெயர் கல்லூரிப் பட்டியலில் சேராது. அபிநயா தன் ஆட்டின் கயிற்றை அவள் கையில் கொடுக்கப் பார்த்தாள். "காயிதப்படி இது உன்னோடதுதான்டி, பிடி" என்றாள். கௌசல்யா வாங்கவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை இருந்தாள். மேடையில் பெயர்களை வாசித்தது நான்.

பரீட்சை முடிந்த வாரமே திண்டுக்கல் பக்கம் ஒரு நூல்மில்லுக்கு வேனில் ஏறிப் போனாள்.

திருத்தம் வந்தது வைகாசியில். மாற்று ஆடும் வந்தது. எழுமலைக்குப் போவதற்கு முந்தின நாள், அவரே அந்த ஆட்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கௌசல்யா வீட்டுக்கு வந்தார். நானும் போயிருந்தேன், எங்கள் நிறுவனத்தின் சார்பில் ஒருவர் இருக்க வேண்டும். கௌசல்யாவின் அப்பா சூளையிலிருந்து அப்படியே வந்திருந்தார். உடம்பெல்லாம் செம்மண்.

"புள்ள இல்லம்மா. இது இனி எதுக்கு?" என்றார்.

"அவ பேர்ல வந்திருக்கு. பிடிங்க."

அப்பா பிடித்தார். ஆய்வாளர் காதை வெயிலுக்குத் தூக்கிப் பார்த்துப் புள்ளி வைத்து வில்லையை மாட்டினார். வாசித்தார். நான் திருப்பிச் சொல்லத் தயாராகப் பேனாவோடு நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கௌசல்யாவின் அப்பாவைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க" என்றார். அந்த மனிதர் முதலில் விழித்தார். பிறகு நாலு நாலாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, பன்னிரண்டையும் தப்பில்லாமல் திருப்பிச் சொன்னார். ஆய்வாளர் தானே எழுதிக்கொண்டார்.

"சரியா இருக்கு" என்றார்.

நான் அந்த நிறுவனத்தில் இன்னும் இரண்டு வருடம் இருந்தேன். இப்போது மதுரையிலேயே வேறொரு அலுவலகம். ஏசி உண்டு. ஆடு மாடு சம்பந்தம் எதுவும் இல்லை.

போன வருடம் மாசியில், வேலை முடிந்து வண்டியூர் தெப்பக்குளத்தில் பஸ்ஸுக்காக நின்றேன். குளத்தைச் சுற்றி நடக்கிறவர்களின் கூட்டம். படிச்சுவரில் அவர் உட்கார்ந்திருந்தார். முழுக்கைச் சட்டை இல்லாமல் சேலையில் பார்த்தபோது உடம்பு பாதியாகத் தெரிந்தது. பணி ஓய்வு பெற்று, மகள் வீட்டோடு வந்துவிட்டாராம். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

எழுமலை எப்படி இருந்தது என்று கேட்டேன். "செம்மறி அதிகம்" என்றார். நானே, "அன்னைக்கு அந்தக் கையெழுத்த நான் போட்டிருக்கணும்க்கா" என்றேன். இத்தனை வருடத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன்.

"ஆமா" என்றார்.

பிறகு, "கௌசல்யாவப் பாத்தேன். போன மாசம்" என்றார். "மேலூர்ப் பக்கம் கட்டிக்குடுத்திருக்காங்க. விலாசம் வாங்கித் தேடிப் போனேன். ஏன் அம்புட்டு நாள் இழுத்துச்சுன்னு அவளுக்குத் தெரியாதுல்ல. வாசிச்சது நான், எழுதுனது நீ, நான் போட்டேன், நீ போடலன்னு சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டிருந்தா. ஊட்டி முடிச்சா. எனக்கும் ஒரு தட்டுல போட்டுக் குடுத்தா."

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். ரசம் நல்லாருந்துச்சு."

மேலூர் போகும் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் பஸ் வந்தது. "வாரேன்க்கா" என்றேன். "பாத்து ஏறு" என்றார். உட்கார இடம் கிடைத்தது. ஜன்னல் வழியே பார்த்தபோது அவர் குளத்துப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். டிக்கெட் எடுத்தேன். போனில் வந்திருந்த ஒரு அலுவலகச் செய்திக்கு 'சரி' என்று பதில் அனுப்பினேன். இறங்குகிற வரை வேறொன்றும் நினைக்கவில்லை.